சிப்பின் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது?

2024 நவம்பரில் ஏஎம்டி நிறுவனம் ரைசன் 7 9800எக்ஸ்3டி என்ற பிராசஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேம் ஆடுகிறவர்கள் அதன் வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். சிலிக்கான் துண்டுகளை இணைத்து, மூடி, முழு சிப்பாக்கும் பேக்கேஜிங் துறையில் இருப்பவர்கள் பேசியது வேறு விஷயம். உள்ளே இருந்த இரண்டு சிலிக்கான் துண்டுகளில் மேலே இருந்தது கீழே போயிருந்தது, கீழே இருந்தது மேலே வந்திருந்தது.

இதன் முன்கதை 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி. சிப்பின் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டுக்கு டை என்று பெயர். கணக்குப் போடும் கோர்கள் இருக்கும் டையின் முதுகில், அடிக்கடி வேண்டிய தரவை வைத்திருக்கும் 64 மெகாபைட் கேஷ் மெமரியை இன்னொரு டையாக ஏற்றி ஒட்டியிருந்தார்கள். வேண்டிய தரவு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்ததால் கேம்கள் பறந்தன. ஆனால் கேஷ் ஏற்றாத சாதாரண 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடியபோது இது 4.5-லேயே நின்றது. ஓவர்கிளாக், அதாவது அறிவித்த வேகத்தைத் தாண்டி ஓட்டும் வசதியையும் பூட்டிவிட்டார்கள். கேஷ் டை தாங்கும் மின்னழுத்தம் குறைவு என்பது ஒரு காரணம், சூடு இன்னொரு காரணம். கோர்களில் பிறக்கும் வெப்பம், மேலே சூட்டைக் காற்றில் விடும் ஹீட் சிங்கைப் போய்ச் சேர வேண்டும். அதன் வழியில் இப்போது கூடுதலாக ஒரு சிலிக்கான் அடுக்கும் ஓர் ஒட்டும் வந்துவிட்டன. இதை ஏஎம்டி யோசிக்காமல் இல்லை. கேஷ் டையைக் கோர்களுக்கு நேர் மேலே வைக்காமல், நடுவில் ஏற்கெனவே கேஷ் இருந்த பகுதிக்கு மேலேயே வைத்தது. கோர்களின் மேல் வெறும் சிலிக்கான் துண்டுகளை வைத்து உயரத்தைச் சமப்படுத்தியது. அப்படியும் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

9800எக்ஸ்3டியில் கேஷ் அடியில் போனது, கோர்கள் மூடியை ஒட்டிய பக்கத்துக்கு வந்தன. முந்தைய தலைமுறையான 7800எக்ஸ்3டியின் அடிப்படை வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ், இதில் 4.7. உச்ச வேகம் 5.0-இலிருந்து 5.2 ஆனது. ஓவர்கிளாக் பூட்டும் திறந்தது. இரண்டுக்கும் அறிவிக்கப்பட்ட வாட் அளவு அதே 120தான். கோர்களின் வடிவமைப்பும் இதற்குள் ஜென் 4-இலிருந்து ஜென் 5-க்கு மாறிவிட்டதால் முழுப் புகழையும் இடமாற்றத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பூட்டைத் திறக்க முடிந்ததற்கு அதையே ஏஎம்டியும் காரணமாகச் சொன்னது. இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. கோர்களுக்குப் போகும் மின்சாரமும் சிக்னல்களும் இப்போது கேஷ் டையைத் துளைத்துக்கொண்டு மேலேற வேண்டும்.

சிப் சூட்டைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் எத்தனை வாட் என்பதோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால் வாட் பாதிக் கதைதான். அந்த வாட் எந்தெந்த அடுக்குகளைக் கடந்து வெளிக்காற்றைச் சேருகிறது என்பது மீதிக் கதை. அந்த மீதிக் கதை முழுக்க நடப்பது பேக்கேஜில்.

வாட் அல்ல, வாட்டின் நெருக்கம்

வீட்டில் இருக்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். இன்டெல் 2004-இல் வெளியிட்ட பிரெஸ்காட் வகை பென்டியம் 4-இன் டை 112 சதுர மில்லிமீட்டர்தான், அதில் 103 வாட். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 90 வாட்டுக்கு மேல். துணியைக் கருக்கும் பெட்டியைப் போல 18 மடங்கு நெருக்கமான வெப்பம். அதையும் 100 டிகிரியைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதுகூடச் சராசரிக் கணக்குதான். டை முழுவதும் ஒரே மாதிரி சூடாவதில்லை. கணக்குப் போடும் பகுதி கொதிக்கும்போது பக்கத்தில் கேஷ் மெமரி ஓரளவு குளிர்ந்தே கிடக்கும். ஒரு மில்லிமீட்டர் அகலம் கூட இல்லாத ஓர் இடத்தில் வெப்பத்தின் நெருக்கம் சராசரியைப் போலப் பல மடங்கு இருக்கலாம். பிராசஸர் தன் வேகத்தைக் குறைப்பது சராசரியைப் பார்த்து அல்ல, உள்ளே பதிந்திருக்கும் சென்சார்களில் மிகச் சூடானது என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

சூடானால் என்ன கெட்டுப்போகும்? முதலில் கசிவு. அணைந்திருக்கும் டிரான்சிஸ்டரிலும் கொஞ்சம் மின்சாரம் கசியும், வெப்பநிலை ஏற ஏற அது கூடும். கசிவு கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் கசிவு கூடும். வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு இதற்கு ஈடுகொடுக்காவிட்டால் நிலைமை கைமீறிப் போகும். அடுத்தது ஆயுள். சிப்பின் உள்ளே மின்சாரம் போகும் மெல்லிய உலோகக் கம்பிகளில், எலெக்ட்ரான்கள் அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகும். ஒருநாள் கம்பி அறுந்துபோகும். மோட்டோரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் 1960-களில் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலே ஆயுள் மளமளவென்று குறைகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

கீழிருந்து மேலே ஒரு கணக்கு

பழைய சிப்களில் டை முகம் மேலே பார்த்தபடி உலோகச் சட்டம் ஒன்றின்மேல் ஒட்டியிருக்கும். ஓரங்களிலிருந்து தங்கக் கம்பிகளை இழுத்து இணைத்து, மேலே கறுப்பு பிளாஸ்டிக்கை வார்த்து மூடிவிடுவார்கள். அந்தப் பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அதனால் சூடு கீழே சட்டம் வழியாக போர்டுக்குத்தான் போகும். இன்றும் சின்ன சிப்கள் இப்படித்தான். அவற்றில் பலவற்றின் வயிற்றில் தெரியும் உலோகத் தகடு அழகுக்கு வைத்ததல்ல. அதை போர்டில் சரியாகப் பற்றவைக்காவிட்டால் மின் ரெகுலேட்டர் சிப் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக அணைந்துபோகும். கையால் சால்டர் செய்து பழகும் மாணவர்கள் ப்ரோக்ராமில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள், கோளாறு அடியில் இருக்கும்.

பெரிய பிராசஸர்களில் நிலைமை தலைகீழ், சொல்லப்போனால் நிஜமாகவே. ஐபிஎம் 1960-களில் கொண்டுவந்த ஃபிளிப் சிப் முறையில் டை முகம் குப்புற வைக்கப்படும். முகத்தில் உள்ள சின்னச் சின்னச் சால்டர் குமிழ்கள் கீழே இருக்கும் சப்ஸ்ட்ரேட் என்ற அடிப்பலகையோடு இணையும். டையின் முதுகு இப்போது மேலே, வெறுமையாக இருக்கும். அதன்மேல் ஏதோ ஓர் இடைப்பொருள், அதற்கு மேல் நிக்கல் பூசிய செப்பு மூடி, அப்புறம் தெர்மல் பேஸ்ட், கடைசியில் ஹீட் சிங்க். வெப்பம் ஏற வேண்டிய ஏணி இதுதான்.

ஒவ்வொரு படியிலும் எவ்வளவு இழக்கிறோம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் டை, 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் நேராக மேலேறுகிறது என்றும் எளிமையாக எடுத்துக்கொள்வோம். வழக்கமான தடிமனான முக்கால் மில்லிமீட்டர் சிலிக்கானைக் கடக்க 5 டிகிரி செலவாகும். 2 மில்லிமீட்டர் செப்பு மூடிக்கும் அதே 5 டிகிரி. செம்பில் வெப்பம் பக்கவாட்டிலும் பரவும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. இவை இரண்டும் தடித்த, கண்ணுக்குத் தெரியும் பொருட்கள். இப்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட்டைப் பாருங்கள். அதன் தடிமன் 0.05 மில்லிமீட்டர்தான். ஓரளவு நல்ல பேஸ்ட் என்றே வைத்துக்கொண்டாலும் 12 டிகிரி போய்விடும். சற்று தாராளமாகப் பூசி அது 0.1 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் 25 டிகிரி. பேஸ்ட்டே இல்லாமல் அந்த 0.05 மில்லிமீட்டரில் முழுக்கக் காற்று மட்டும் இருந்தால்? கணக்கு 1900 டிகிரியைத் தாண்டும். சிலிக்கான் உருகுவதே 1414 டிகிரியில். நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாது, சிப் அதற்கு வெகு முன்பே தன்னை அணைத்துக்கொள்ளும்.

பார்க்கக்கூடிய பொருட்கள் பிரச்சினை அல்ல, அவை ஒன்றையொன்று தொடும் இடங்கள்தான் பிரச்சினை. வழவழவென்று மெருகேற்றிய இரண்டு உலோகப் பரப்புகளை அழுத்திவைத்தாலும் நுண்ணிய மேடுகள் மட்டுமே உண்மையில் தொடும், மிச்சம் எல்லாம் காற்று. பேஸ்ட்டின் வேலை அந்தக் காற்றை விரட்டுவது மட்டும்தான். பேஸ்ட் நல்ல கடத்தி என்பதால் அல்ல, காற்று அவ்வளவு மோசம் என்பதால் பூசுகிறோம்.

இதை ஐபிஎம் காரர்கள் 1980-லேயே நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அந்த ஆண்டு அறிவித்த 3081 மெயின்ஃபிரேமில் 9 சென்டிமீட்டர் சதுரப் பீங்கான் பலகை ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சிப்களை நெருக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஸ்பிரிங் வைத்த அலுமினிய பிஸ்டன் ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும். பிஸ்டனிலிருந்து சூடு மேலே குளிர்நீர் ஓடும் தகட்டுக்குப் போகும். பிஸ்டன் முனைக்கும் சிப்புக்கும் இடையே தவிர்க்க முடியாத சந்து இருந்தது. பேஸ்ட் பூசினால் பழுதுபார்ப்பது கஷ்டம். என்ன செய்தார்கள்? முழுப் பெட்டியிலும் காற்றை எடுத்துவிட்டு ஹீலியத்தை நிரப்பி மூடினார்கள். ஹீலியம் காற்றைவிட ஆறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த தீர்வுகளில் இது ஒன்று. சந்தை அடைக்க முடியாவிட்டால் சந்தில் இருப்பதையாவது மாற்று.

மூடியைப் பிளேடால் அறுத்தவர்கள்

2012 ஏப்ரலில் இன்டெல்லின் ஐவி பிரிட்ஜ் பிராசஸர்கள் வந்தன. முந்தைய சாண்டி பிரிட்ஜின் தயாரிப்பு முறை 32 நானோமீட்டர், இது இன்னும் நுண்ணிய 22. வாட் அளவு 95-இலிருந்து 77 ஆகக் குறைந்திருந்தது. இயல்பாகவே குளிர்ச்சியாக ஓட வேண்டும். ஆனால் ஓவர்கிளாக் செய்தவர்கள் பார்த்தது எதிர்மாறாக இருந்தது. வெப்பநிலை முன்பைவிட வேகமாக எகிறியது.

பொறுமை இழந்த சிலர் கோர் ஐ7-3770கே பிராசஸரின் மூடியைப் பிளேடால் அறுத்துத் திறந்தார்கள். உள்ளே சாண்டி பிரிட்ஜில் இருந்த சால்டர் இல்லை, சாம்பல் நிறப் பேஸ்ட் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு வேறு பேஸ்ட் வைத்து மூடியதும் வெப்பநிலை 10, 20 டிகிரி வரை இறங்கியது. உடனே எல்லாரும் இன்டெல் மலிவான பேஸ்ட் போட்டுவிட்டது என்று திட்டத் தொடங்கினார்கள். பிறகு நிதானமாகச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. பேஸ்ட் அவ்வளவு மோசமில்லை. மூடியின் விளிம்பைச் சப்ஸ்ட்ரேட்டில் ஒட்டிய கறுப்புப் பசைதான் மூடியைத் தேவைக்கு மேல் உயரத்தில் தூக்கி நிறுத்தியிருந்தது. டைக்கும் மூடிக்கும் நடுவே பேஸ்ட் தடிமனாகிவிட்டது. மேலே போட்ட கணக்கில் 0.05-க்கும் 0.1-க்கும் உள்ள வித்தியாசம் நினைவிருக்கிறதா? பழைய பசையைச் சுரண்டிவிட்டு மூடியை வைத்தபோது மூடி கீழே இறங்கியது, அதனால்தான் சூடும் இறங்கியது.

பிளேடு வழுக்கி சப்ஸ்ட்ரேட்டை வெட்டி, புத்தம் புதிய பிராசஸரைக் குப்பைக்கு அனுப்பியவர்களும் ஏராளம். பிறகு மூடியைக் கழற்றுவதற்கென்றே கருவிகள் கடைகளில் விற்கத் தொடங்கின. 2014-இல் இன்டெல் சற்று மேம்பட்ட பேஸ்ட்டுக்கு மாறியது. 2018-இல் ஒன்பதாம் தலைமுறையின் உயர்ரக மாடல்களில் மறுபடி சால்டருக்கே திரும்பியது.

சரி, சால்டர் அவ்வளவு நல்லதென்றால் ஏன் அதை விட்டார்கள்? இந்த இடத்தில் பொதுவாகச் செலவு என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். செலவு உண்மைதான். சால்டராகப் பயன்படும் இண்டியம் விலை உயர்ந்த உலோகம். அது சிலிக்கானில் தானாக ஒட்டாது. டையின் முதுகில் வேறு உலோகங்களை அடுக்கடுக்காகப் பூசி, மேலே தங்கமும் பூசினால்தான் ஒட்டும். ஆனால் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சால்டர் இரண்டு பொருட்களையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சூடானால் அந்த இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை.

விரிதலும் விரிசலும்

சிலிக்கானை ஒரு டிகிரி சூடாக்கினால் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கும் குறைவாகத்தான் விரியும். அதன் கீழே இருக்கும் பிசின் கலந்த சப்ஸ்ட்ரேட் 15 பங்குக்கு மேல் விரியும், செம்பு 17 பங்கு. டையின் நடுவிலிருந்து மூலைவரை 10 மில்லிமீட்டர் என்று வையுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்து 60 டிகிரி ஏறினால், மூலையில் இருக்கும் சால்டர் குமிழின் தலையும் காலும் சுமார் 8 மைக்ரான் எதிரெதிராக நகரப் பார்க்கும். குமிழின் விட்டமே 100 மைக்ரான் அளவுதான். ஆஃப் செய்தால் திரும்ப இழுக்கும். நாளும் இப்படியே.

இதைத் தாங்கத்தான் டைக்கும் சப்ஸ்ட்ரேட்டுக்கும் நடுவில் அண்டர்ஃபில் எனப்படும் எபாக்ஸிப் பிசினைச் செலுத்துவார்கள். டையின் ஓரத்தில் ஊற்றினால் அது தானாகவே உள்ளே உறிஞ்சப்பட்டுக் குமிழ்களைச் சூழ்ந்து இறுகிவிடும். அப்புறம் அழுத்தம் ஒரு குமிழில் விழாமல் எல்லாவற்றிலும் பகிரப்படும். இந்தப் பிசினைத் தேர்ந்தெடுப்பது ஒரு சமரசம். ரொம்பக் கெட்டியாக இருந்தால் டைக்குள் இருக்கும் நொறுங்கும் தன்மையுள்ள அடுக்குகளைப் பிய்த்துவிடும். சாதாரணமாக ஓடும் சூட்டிலேயே இளகிவிட்டால் குமிழ்களைக் காப்பாற்றாது.

இந்தச் சமரசம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகள் முன்பக்கம் சிவப்பு வளையம் காட்டிச் சாகத் தொடங்கின. 2007 ஜூலையில் நிறுவனம் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி இணைப்புகள் விரிசல் விட்டதே காரணம். அடுத்த ஆண்டு என்விடியா. லேப்டாப்களுக்கான அதன் சில கிராஃபிக்ஸ் சிப்கள் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் பழுதாயின. டை மற்றும் பேக்கேஜிங் பொருட்களின் சேர்க்கை பலவீனமாக இருந்தது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு 19 கோடியே 60 லட்சம் டாலரை ஒதுக்கியது. வெளியிலிருந்து ஆராய்ந்தவர்கள் இளகிய அண்டர்ஃபில்லையும் எளிதில் களைத்துப்போகும் ஈயக் குமிழ்களையும் காட்டினார்கள். சிப்பின் டிரான்சிஸ்டர்கள் நன்றாகவே இருந்தன, அவற்றை உலகத்தோடு இணைத்த ஒட்டுதான் போனது.

சென்னை ரிச்சி தெருவில் அந்தக் காலத்து லேப்டாப்பைக் கொடுத்தவர்களுக்கு அடுத்து நடந்தது பழக்கமான கதைதான். ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று பலகை வைத்த கடையில் சூடான காற்றை கிராஃபிக்ஸ் சிப்பின்மேல் அடிப்பார்கள். திரை உயிர்பெறும். சில வாரங்களில் மறுபடி கறுப்பாகும். வாடிக்கையாளர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பார், கடைக்காரர் போர்டில் உள்ள சால்டர் உருண்டைகள் சரியாக ஒட்டவில்லை என்று நினைப்பார். பல சமயம் இரண்டும் இல்லை. விரிசல் போர்டுக்கும் பேக்கேஜுக்கும் நடுவில் இல்லை, பேக்கேஜின் உள்ளே டைக்குக் கீழே இருந்தது. சூடு பட்டபோது விரிந்த உலோகம் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டது, அவ்வளவுதான். அந்த இடத்தைக் கடையில் சரிசெய்ய வழியே கிடையாது, சிப்பையே மாற்ற வேண்டும்.

ஒருமுறை தப்பித்தோம்

வாட் ஏறிக்கொண்டே போனதும் நின்றதும் ஒரு தனிக் கதை. 1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் சக ஆய்வாளர்களும் ஒரு விதியைச் சொன்னார்கள். டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் சதுர மில்லிமீட்டருக்கான வாட் மாறாது என்பது அது. முப்பது ஆண்டுகள் அது ஏறக்குறைய நடந்தது. பிறகு மின்னழுத்தத்தைக் குறைக்க முடியாமல் போனது, குறைத்தால் கசிவு கட்டுக்கடங்கவில்லை. 2001-லேயே இன்டெல்லின் பேட் கெல்சிங்கர், இதே போக்கில் போனால் சிப்பின் வெப்ப நெருக்கம் அணு உலையையும் ராக்கெட்டின் நெருப்பு வெளியேறும் வாயையும் எட்டும் என்று எச்சரித்தார். மூன்றே ஆண்டுகளில் நிறுவனம் பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவிருந்த டெஜாஸைக் கைவிட்டது. 2004 அக்டோபரில் வாக்களித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயும் கைவிட்டது. ஒரு மாநாட்டு மேடையில் அப்போதைய தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகு ஒரு கோரை வேகமாக்குவதை விட்டுப் பல கோர்களைச் சேர்க்கும் பாதைக்கு எல்லாரும் மாறினார்கள்.

அந்த மாற்றத்தால் கிடைத்த மூச்சு இப்போது தீர்ந்துவிட்டது. என்விடியாவின் டேட்டா சென்டர் சிப்களில் வி100 300 வாட், ஏ100 400 வாட், 2022-இல் அறிவித்த எச்100 700 வாட், பிளாக்வெல் தலைமுறையில் 1000 வாட்டுக்கு மேல். ஒரு கவனிப்பு: எச்100-இன் டை 814 சதுர மில்லிமீட்டர். 700 வாட்டை அதில் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 86 வாட், கிட்டத்தட்ட பழைய பிரெஸ்காட் அளவேதான். அதிலும் ஒரு பகுதி பக்கத்தில் உள்ள மெமரிக்குப் போகிறது. நெருக்கம் ஏறவில்லை, பரப்புதான் ஏழு மடங்கு ஆனது. அப்படியானால் பழைய தீர்வுகள் போதுமே என்று தோன்றும். போதவில்லை, அதற்கும் காரணம் பேக்கேஜ்தான்.

இந்தச் சிப்களில் ஜிபியு டையைச் சுற்றி எச்பிஎம் எனப்படும் மெமரிக் கோபுரங்கள் நிற்கும். எல்லாம் ஒரே சிலிக்கான் பலகையின்மேல், ஒரே பேக்கேஜில். ஒவ்வொரு கோபுரத்திலும் எட்டு, பன்னிரண்டு டிராம் டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. டிராம் சூட்டுக்குப் பயந்த சாதி. அதில் தகவல் என்பது ஒரு சின்ன மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம். அது கசியும் முன் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் நேரத்தில் வேறு வேலை நடக்காது, அதற்கும் மின்சாரம் செலவாகும். ஜிபியு தன்னளவில் இன்னும் சூடாகத் தயாராக இருந்தாலும் பக்கத்து வீட்டு மெமரிக்காக அடங்கியிருக்க வேண்டியதுதான். கோபுரத்தின் அடித்தள டைதான் அதிகம் வேலை செய்வது. அதன் சூடு வெளியேற மேலே உள்ள அத்தனை மாடிகளையும் கடக்க வேண்டும். எச்பிஎம் சந்தையில் எஸ்கே ஹைனிக்ஸ் முந்தியதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவற்றில், மாடிகளுக்கு இடையே அது என்ன பொருளை நிரப்பியது என்பதும் ஒன்று. சாம்சங் மெல்லிய பிசின் படலத்தை வைத்து அழுத்தி ஒட்டியது. ஹைனிக்ஸ் எல்லாவற்றையும் அடுக்கி இணைத்தபின் திரவப் பிசினைப் பாய்ச்சி இறுக வைத்தது. அந்தப் பிசின் வெப்பத்தை நன்றாகக் கடத்துகிறது என்பது ஹைனிக்ஸின் வாதம். கோடிக்கணக்கான டாலர் போட்டியில் இடுக்கில் ஊற்றும் பசைக்கும் ஒரு பங்கு.

பேக்கேஜ் பெரிதானதால் இன்னொரு தொல்லையும் வந்தது, வளைதல். பல பொருட்களை ஒட்டிய அகலமான பலகையின் வளைவு சூடாகும்போதும் ஆறும்போதும் லேசாக மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கும். முதல் நாள் சோதனையில் அருமையாக இருந்த சிப் சில மாதங்கள் கழித்து நடுவில் சூடாவது இதனால்தான். அதனால் சோதனைக்கூடத்தில் ஒரே ஒரு தடவை அளந்த எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நூற்றுக்கணக்கான முறை சூடாக்கி ஆறவைத்தபின் அளந்த எண்தான் கேட்டு வாங்க வேண்டியது.

பேக்கேஜைத் தாண்டி வெளியே வந்த சூட்டை அகற்றுவதற்குக் காற்றும் போதாமல் போய்விட்டது. 72 பிளாக்வெல் ஜிபியுக்களை வைத்த என்விடியாவின் ஒரே ஒரு ரேக் 120 கிலோவாட் அளவுக்குச் சாப்பிடும். அதற்குத் திரவக் குளிர்விப்புத்தான். ஒரே கன அளவுக்குத் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 3500 மடங்கு வெப்பத்தைத் தாங்கும் என்பதால் வேறு வழியில்லை.

வெயில் கணக்கு

வெளிக்காற்று எவ்வளவு சூடோ அது அப்படியே கணக்கின் அடியில் கூடும். 25 டிகிரி அறையில் 75 டிகிரியில் ஓடும் பிராசஸர், மே மாதத்துச் சென்னையில் ஏசி இல்லாத 38 டிகிரி அறையில் 88 டிகிரியில் ஓடும். குளிர்நாட்டு விமர்சனங்களில் வரும் வெப்பநிலை எண்களை நாம் படிக்கும்போது இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். போனில் இன்னும் மோசம். ஃபேன் கிடையாது, பெரும்பாலான மாடல்களில் மெமரி பேக்கேஜ் பிராசஸரின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். சிப் தாங்கும் சூட்டைவிடக் கை தாங்கும் சூடு மிகக் குறைவு என்பதால் வேகத்தைக் கடைசியில் முடிவு செய்வது நம் தோல்தான்.

குஜராத்தின் சானந்தில் மைக்ரான், அசாமின் ஜாகிரோட்டில் டாடா என்று இந்தியாவில் பேக்கேஜிங் ஆலைகள் எழும்போது, வெறும் அசெம்பிளி வேலைதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிப் தயாரிப்பில் ஃபேப், அதாவது சிலிக்கானில் டையை உருவாக்குவதே உயர்ந்த வேலை, டையை எடுத்து ஒட்டுவது கூலி வேலை என்ற எண்ணம். கம்பிகளால் இணைக்கும் சாதாரண வயர் பாண்ட் பேக்கேஜ்களுக்கு அந்த விமர்சனம் ஓரளவு பொருந்தும். ஃபிளிப் சிப்புக்கும் அடுக்குகளுக்கும் போகும்போது பொருந்தாது. டைக்கும் மூடிக்கும் நடுவில் சில பத்து மைக்ரான் தவறினால் என்ன ஆகும் என்று ஐவி பிரிட்ஜில் பார்த்தோம்.

இனி வருவது

டையிலிருந்து வெளியே வரும் வழியைச் சுருக்க முடியாவிட்டால், தண்ணீரையே உள்ளே கொண்டுபோகலாமே? இந்த யோசனை 1981-லேயே வந்தது. ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேனும் பீஸும் சிலிக்கானின் முதுகில் 50 மைக்ரான் அகல வாய்க்கால்களைச் செதுக்கி நீரை ஓடவிட்டார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட்டை 71 டிகிரி ஏற்றத்தோடு அகற்றிக் காட்டினார்கள். அதாவது எச்100-ஐப் போல ஒன்பது மடங்கு, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே. 2020-இல் சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேலியம் நைட்ரைடு சிப்பையும் வாய்க்காலையும் சேர்த்தே வடிவமைத்து 1700 வாட்டைத் தாண்டினார்கள். 2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த கொரின்டிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சிப்பின் முதுகில் செதுக்கிய வாய்க்கால்கள் இன்றைய குளிர் தகடுகளைவிட மூன்று மடங்குவரை நன்றாக வேலை செய்ததாக அறிவித்தது.

இந்தப் பக்கம் வழி திறக்கும்போது அந்தப் பக்கம் அடைபடுகிறது. இன்டெல்லின் 18ஏ போன்ற புதிய தயாரிப்பு முறைகளில் மின்சாரம் டையின் பின்பக்கம் வழியாகக் கொடுக்கப்படுகிறது. அதற்காகச் சிலிக்கானைச் சுரண்டி மெல்லியதாக்கிவிடுகிறார்கள். முன்பு அந்தத் தடித்த சிலிக்கான்தான் ஓரிடத்துச் சூட்டைப் பக்கவாட்டில் பரப்பிக் காப்பாற்றியது. இப்போது டிரான்சிஸ்டர்கள் இரண்டு பக்கமும் கம்பி அடுக்குகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்கின்றன. கம்பிகளைப் பிரிக்கும் ஆக்சைடு சிலிக்கானைவிட நூறு மடங்கு மோசமான கடத்தி. மேலே ஏற வேண்டிய சூடு அதைக் கடந்துதான் ஆக வேண்டும்.

வாய்க்கால் முறை நாற்பது ஆண்டுகளாக ஆய்வகத்திலேயே கிடந்ததற்குக் காரணம் இயற்பியல் அல்ல. 50 மைக்ரான் வாய்க்காலை அடைக்கத் தண்ணீரில் மிதக்கும் ஒரு துகள் போதும், வடிகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிலிக்கானோடு உலோகக் குழாயைக் கசியாமல் இணைக்க வேண்டும், அங்கேயும் அதே விரிதல் தகராறு. குளிர் தகடு கசிந்தால் தகட்டை மாற்றிக்கொள்ளலாம், டைக்குள் ஓடும் நீர் கசிந்தால் மாற்ற வேண்டியது பல லட்சம் ரூபாய் ஜிபியுவையே. அப்படிக் கசிந்தால் பொறுப்பு டையைத் தயாரித்தவருடையதா, செதுக்கியவருடையதா, குழாய் மாட்டியவருடையதா? இதுவரை ஹீட் சிங்க் வரைக்கும் ஒருவர், அதற்கு மேல் இன்னொருவர் என்று தெளிவாக இருந்த எல்லைக்கோடு அங்கே அழிந்துவிடுகிறது. அதனால் சிப், தண்ணீர், கட்டடம் மூன்றையும் ஒரே நிறுவனம் வைத்திருக்கும் பெரிய டேட்டா சென்டர்களில்தான் இது முதலில் வரும். நம் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்னும் நெடுநாள் பேஸ்ட்டும் ஃபேனும்தான்.